திண்ணை வகுப்புக்கு இலவச நெட்: ஏற்றுக்கொள்ளலாமா?

கேள்வி: ஐயா, திருத்துறைப்பூண்டிக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் இருக்கிறேன். பி.எட். முடித்தவள். சாயங்காலம் வீட்டுத் திண்ணையில் 22 பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித் தருகிறேன். போன வாரம் ஒரு படிப்பு ஆப்பின் ஏஜென்ட் வந்தார். எல்லாப் பிள்ளைகளும் அந்த ஆப்பில் சேர்ந்தால், அதைப் பார்க்கும்போது மட்டும் நெட் கழியாதபடி போன் கம்பெனியோடு பேசி ஏற்பாடு செய்து தருகிறேன் என்றார். பெற்றோர் பெரும்பாலும் நடவு, களையெடுப்பு வேலைக்குப் போகிறவர்கள். ரீசார்ஜ் விலை ஏறியதிலிருந்து வீட்டுக்கு ஒரு போனுக்குத்தான் நெட் போடுகிறார்கள். இலவசம் என்று வரும்போது வேண்டாம் என்று சொல்ல மனம் வரவில்லை. சென்னையில் வேலை பார்க்கும் என் தம்பி, "அது சட்டப்படி கூடாது அக்கா" என்கிறான். என் மாமனார் விவசாயி. "அதிகம் தண்ணி எடுக்கிறவன்தானே அதிகம் கொடுக்கணும்? வீடியோ கம்பெனிக்காரன்தான் வாய்க்காலையே காலி பண்றான், அவனே கொடுக்கட்டுமே" என்கிறார். யார் சொல்வது சரி? அப்புறம், பட்டன் போன் வைத்திருக்கும் என் மாமியாருக்கும் நெட் சேர்ந்த பேக்தான் போடுகிறோம். அதற்கும் ஒரு வழி சொல்லுங்கள்.

அன்புள்ள சகோதரிக்கு,

வணக்கம். 27 வருடம் தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் பக்கம் செல்போன் டவர் வேலை பார்த்தவன் நான். சிக்னல் கிடைக்காத ஊர்க்காரர்களின் கோபத்தை நேரில் வாங்கியிருக்கிறேன். ஒரு டவரை ஓட்ட மாதாமாதம் என்ன செலவாகிறது என்ற கணக்கையும் பார்த்திருக்கிறேன். இரண்டையும் மனதில் வைத்தே இந்தப் பதிலை எழுதுகிறேன்.

ஏஜென்ட் சொன்னபடியே அந்த ஏற்பாடு இருந்தால் ஏற்றுக்கொள்ளாதீர்கள். உங்கள் தம்பி சொன்னது சரி. மாமனார் கேட்டது நல்ல கேள்வி, அதற்குக் கொஞ்சம் நீளமாகப் பதில் சொல்ல வேண்டும். மாமியாரின் பட்டன் போனுக்கு வழி இருக்கிறது, அதைக் கடைசியில் சொல்கிறேன்.

முதலில் சட்டம். 2016 பிப்ரவரி 8-ஆம் தேதி ட்ராய், அதாவது இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம், ஒரு விதி கொண்டுவந்தது. நீங்கள் நெட்டில் என்ன பார்க்கிறீர்கள் என்பதை வைத்து போன் கம்பெனி விலையைக் கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது. ஒரு ஆப்புக்கு நெட் இலவசம், இன்னொன்றுக்குக் காசு என்பதும் அதற்குள் வந்துவிடும். அப்படி விலை வைப்பதற்காக வெளியாளோடு ஒப்பந்தம் போடவும் தடை. மீறினால் நாளொன்றுக்கு 50,000 ரூபாய், அதிகபட்சம் 50 லட்சம் ரூபாய் அபராதம். இந்த அபராதம் போன் கம்பெனிக்குத்தான். உங்களுக்கோ பிள்ளைகளுக்கோ இதனால் ஒன்றும் வராது, பயப்பட வேண்டாம். ஆனால் இப்படி ஒரு விதி இருக்கும்போது எந்த போன் கம்பெனியும் ஏஜென்ட் சொன்னதை எழுத்தில் தராது. ஒன்று, அவர் விதி தெரியாமல் பேசுகிறார். இல்லையென்றால் வேறு ஏதோ ஒரு திட்டத்தை உங்களுக்குப் புரிகிற மாதிரி சுருக்கிச் சொல்லியிருக்கிறார். அது எது என்று கண்டுபிடிப்பது எப்படி என்பதற்குப் பின்னால் வருகிறேன்.

இந்த விதி ஒரே நாளில் வந்துவிடவில்லை. 2014 டிசம்பரில் ஏர்டெல் நிறுவனம் நெட் வழியாகப் பேசும் அழைப்புகளுக்குத் தனிக் கட்டணம் என்று அறிவித்தது. நாடெங்கும் எதிர்ப்பு கிளம்ப, அதை நிறுத்தியது. 2015 ஏப்ரலில் அதே நிறுவனம் ஏர்டெல் ஜீரோ என்று ஒன்றைக் கொண்டுவந்தது. ஆப் நடத்துகிறவர் காசு கட்டினால் வாடிக்கையாளருக்கு அந்த ஆப்பில் மட்டும் நெட் கழியாது. அதில் சேருவதாக இருந்த ஃபிளிப்கார்ட், மக்கள் கோபத்தைப் பார்த்து விலகிக்கொண்டது. உங்கள் திண்ணைக்கு வந்த ஏஜென்ட் சொன்னது அச்சு அசலாக அதே யோசனைதான். ஃபேஸ்புக்கும் 2015-இல் ரிலையன்ஸ் கம்யூனிகேஷன்ஸ் மூலமாக, தான் ஏற்றுக்கொண்ட சில தளங்களை மட்டும் இலவசமாகக் கொடுக்க ஆரம்பித்தது. அதற்கு அப்புறம் ஃப்ரீ பேசிக்ஸ் என்று பெயர் மாற்றினார்கள். அந்த வருடம் ட்ராய் மக்களிடம் கருத்துக் கேட்டபோது 10 லட்சத்துக்கும் மேல் மின்னஞ்சல் போய்ச் சேர்ந்தது. நெட் நியூட்ராலிட்டி, தமிழில் இணையச் சமநிலை, அதாவது எல்லாத் தளத்தையும் போன் கம்பெனி ஒரே மாதிரி நடத்த வேண்டும் என்ற பேச்சு நம் ஊர் டீக்கடை வரைக்கும் வந்தது அப்போதுதான்.

ஃப்ரீ பேசிக்ஸை ஆதரித்தவர்கள் ஒரு கேள்வி கேட்டார்கள்: ஒன்றுமே இல்லாதவனுக்குக் கொஞ்சமாவது கிடைக்கட்டுமே, அதை ஏன் தடுக்கிறீர்கள்? இது அலட்சியமாகத் தள்ளிவிடுகிற கேள்வி இல்லை. உங்கள் மனம் தடுமாறுவதும் இதே இடத்தில்தான். அதனால் ஏட்டுச் சட்டத்தை ஓரமாக வைத்துவிட்டு உங்கள் திண்ணையிலேயே வைத்து யோசித்துப் பார்ப்போம்.

பத்தாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி இருக்கிறாள் என்று வையுங்கள். அவளுடைய அரசுப் பாடப்புத்தகத்தில் க்யூஆர் கோடு அச்சடித்திருக்கிறது. போனைக் காட்டினால் அந்தப் பாடத்துக்கான வீடியோ வரும். கல்வித் தொலைக்காட்சியின் வகுப்புகள் யூடியூபில் இருக்கின்றன. போன வருடத்துக் கேள்வித்தாளைத் தேடி எடுக்கலாம், சந்தேகம் வந்த சொல்லுக்கு அர்த்தம் பார்க்கலாம். இதெல்லாம் இன்று அவளுக்கு ஒரே விலை. ஏஜென்டின் ஆப் வந்த மறுநாளிலிருந்து அது ஒன்றுக்கு மட்டும் காசில்லை, மற்ற எல்லாவற்றுக்கும் காசு. வீட்டில் அம்மா என்ன சொல்வார்? "சும்மா வர்றதைப் பாரு, மத்ததைத் தொடாதே" என்றுதான் சொல்வார். அதில் தப்பும் இல்லை, கூலிப் பணம் அது. ஆனால் ஒரே மாதத்தில் அந்தப் பிள்ளைக்கு நெட் என்றால் அந்த ஆப்தான் என்று ஆகிவிடும். புத்தகத்தில் இருக்கிற க்யூஆர் கோடு வெறும் கட்டம் போட்ட படமாகக் கிடக்கும்.

அதைவிட எனக்கு வலிக்கிறது உங்கள் நிலைமை. நீங்கள் ஒரு கணக்கைத் திண்ணையில் போட்டுக் காட்டி, அதைப் போனில் பிடித்துப் பிள்ளைகளின் வாட்ஸ்அப் குழுவில் போடுகிறீர்கள் என்று வையுங்கள். அதைத் திறக்க நெட் கழியும். எங்கேயோ உட்கார்ந்து யாரோ எடுத்த பாடம் இலவசம், சொந்த ஊர் டீச்சர் எடுத்த பாடத்துக்குக் காசு. வேதாரண்யத்திலோ முத்துப்பேட்டையிலோ நன்றாகக் கணக்குச் சொல்லித் தருகிற இன்னொரு ஆசிரியர் சானல் ஆரம்பித்தால் அவருக்கும் இதே கதிதான். போன் கம்பெனிக்குக் கட்ட அவரிடம் ஏது பணம்? நாளைக்கு அந்த ஆப் கட்டணம் கேட்க ஆரம்பிக்கும்போது, பிள்ளைகளுக்கு வேறு எங்கே போவது என்றே தெரியாமல் போயிருக்கும். இலவசத்துக்கு யார் காசு கட்டுகிறாரோ அவர்தான் பிள்ளை எதைப் படிக்கும் என்று முடிவு செய்கிறார். நீங்கள் முடிவு செய்ய வேண்டிய விஷயம் அது. அதனால்தான் வேண்டாம் என்கிறேன்.

சரி, மாமனாரின் வாய்க்காலுக்கு வருவோம். டவர் வேலை பார்த்தவனுக்கு அந்த உவமை ரொம்பப் பிடிக்கிறது, ஏனென்றால் அது பாதி தூரம் சரியாகவே பொருந்துகிறது.

டவரில் பெரும்பாலும் மூன்று பக்கமும் ஆன்டெனா இருக்கும். ஒவ்வொரு பக்கமும் தன் எல்லைக்குள் இருக்கிற எல்லாப் போன்களுக்கும் இருக்கிற கொள்ளளவைப் பங்கு போட்டுக் கொடுக்கும். காலை 11 மணிக்கு ஊரே வயலில் நிற்கும்போது அதில் பெரும்பகுதி சும்மா கிடக்கும். ராத்திரி 8 மணிக்குச் சாப்பிட்டுவிட்டு எல்லோரும் போனைக் கையில் எடுக்கும்போது திணறும். வீடியோ சுற்றிச் சுற்றி நிற்பது அப்போதுதான். கம்பெனிக்குச் செலவு வைப்பது அந்த ராத்திரி நெரிசல். அதைத் தாங்குவதற்காகத்தான் கூடுதல் அலைக்கற்றை வாங்க வேண்டும், கூடுதல் கருவி ஏற்ற வேண்டும், டவரிலிருந்து வெளியே போகிற கேபிளைப் பெரிதாக்க வேண்டும். உவமை பொருந்தாமல் போவதும் இங்கேதான். மேட்டூரில் தேக்கிவைத்து ஜூன் 12-ஆம் தேதி திறந்துவிடுவது போல, காலையில் மிச்சமான நெட்டைத் தேக்கிவைத்து ராத்திரி கொடுக்க முடியாது. அந்த நொடி போனால் போனதுதான்.

அந்த 8 மணி நெரிசலில் 1 ஜிபி சீரியலும் 1 ஜிபி கணக்குப் பாடமும் டவருக்கு ஒரே பாரம். என்னிடம் எத்தனையோ கருவிகள் இருந்தன, எதிலும் பாடத்துக்கு லேசான பைட்டு, படத்துக்குக் கனமான பைட்டு என்று பார்த்ததில்லை. ஆகவே எவ்வளவு எடுக்கிறீர்கள், எந்த நேரத்தில் எடுக்கிறீர்கள் என்பதை வைத்துக் கம்பெனி விலை வைத்தால் அதில் நியாயம் இருக்கிறது. நள்ளிரவிலிருந்து காலை 6 மணி வரை நெட் கழியாது என்று சில பேக்குகள் வந்தனவே, அவற்றை விதி தடுக்கவில்லை. அந்த நேரத்தில் எதை வேண்டுமானாலும் பார்க்கலாம், எல்லாம் ஒன்றுதான். எதைப் பார்க்கிறீர்கள் என்று எட்டிப் பார்த்து விலை வைப்பதற்குத்தான் டவர் பக்கத்திலிருந்து எந்தக் காரணமும் கிடையாது.

அடுத்து, மாமனாரிடம் நான் கேட்க விரும்புவது இது: மடையைத் திறந்தது யார்? வீடியோ கம்பெனி தானாக வந்து உங்கள் போனுக்குள் தண்ணீரைப் பாய்ச்சவில்லை. பிள்ளை விரலை வைத்த பிறகுதான் வீடியோ வருகிறது. அந்த மடையைத் திறக்கிற உரிமைக்குத்தான் நீங்கள் ஒரு நாளைக்கு 1.5 ஜிபி என்று முன்கூட்டியே காசு கட்டியிருக்கிறீர்கள். ஒரு வீடியோ முடிந்ததும் அடுத்தது தானாக ஓடுகிறதே, அதில் மட்டும் மாமனார் பேச்சில் பாதி நியாயம் இருக்கிறது. அங்கே நிஜமாகவே அவர்கள்தான் மடையைத் திறந்துவிடுகிறார்கள். அந்த ஏற்பாட்டை எல்லாப் பிள்ளைகளின் போனிலும் நிறுத்திவையுங்கள், ஆப்பின் செட்டிங்ஸிலேயே இருக்கும்.

வீடியோ கம்பெனியும் சும்மா இல்லை, தன் பக்கத்துச் செலவைக் கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறது. சர்வர்கள், கடலடிக் கேபிளில் பங்கு, தன் பக்கத்து இணைப்பு எல்லாம் அதன் செலவு. அதற்கு மேல், அதிகம் பேர் பார்க்கிறவற்றைச் சேமித்துவைக்கிற பெட்டிகளைப் போன் கம்பெனிகளின் இடத்திலேயே கொண்டுவந்து வைக்கிறது. அதனால் மன்னார்குடியில் ஆயிரம் பேர் ஒரே படத்தைப் பார்த்தாலும் அது ஆயிரம் முறை கடல் தாண்டி வருவதில்லை.

போன் கம்பெனிகளின் குறையிலும் உண்மை இருக்கிறது. 2022 ஆகஸ்டில் முடிந்த 5ஜி ஏலத்தில் அலைக்கற்றைக்கு மட்டும் சுமார் ஒன்றரை லட்சம் கோடி ரூபாய்க்குக் கேட்டு எடுத்தார்கள். டவரும் கேபிளும் அதற்கு மேல். பெரிய அளவில் வீடியோ அனுப்புகிறவர்கள் எங்கள் செலவில் நியாயமான பங்கு தரட்டும் என்று அவர்களின் சங்கம் 2023-இலிருந்து அழுத்திக் கேட்டுவருகிறது. உங்கள் மாமனார் சொன்னதும் அதுவேதான், அவர் வாய்க்கால் மொழியில் சொன்னார்.

அனுப்புகிறவரிடம் வாங்கினால் என்ன ஆகும் என்பதைத் தென் கொரியாவில் பார்க்கலாம். அனுப்புகிற பக்கம் காசு தர வேண்டும் என்ற ஏற்பாட்டுக்கு அங்கே 2016-இலேயே விதி போட்டார்கள். நெட்ஃபிளிக்ஸும் அங்குள்ள ஒரு இணையச் சேவை நிறுவனமும் பல வருடம் நீதிமன்றத்தில் நின்று, 2023 செப்டம்பரில்தான் சமாதானமாகப் போனார்கள். அமேசானின் கையில் இருக்கிற ட்விட்ச் என்ற வீடியோ தளமோ, மற்ற பெரும்பாலான நாடுகளைவிட அங்கே நெட் செலவு 10 மடங்கு ஆகிறது என்று சொல்லி 2024 பிப்ரவரியில் அந்த நாட்டை விட்டே போய்விட்டது. அமேசான் பின்னால் நின்றும் தாங்கவில்லை என்றால், தமிழில் நெல் பயிர் நோய் பற்றி வீடியோ போடுகிற ஒரு சின்ன நிறுவனம் எப்படித் தாங்கும்? ஒரு பக்கம் வசூலித்தால் இன்னொரு பக்கம் விலை குறையும் என்பதற்கும் உத்தரவாதம் கிடையாது. வீடியோ கம்பெனி கொடுத்ததை அது உங்களிடம்தான் சந்தாவில் ஏற்றும். அதைவிட மோசம் இன்னொன்று இருக்கிறது: காசு கொடுக்கிற கம்பெனி சும்மா கொடுக்காது, என் வீடியோ மட்டும் ராத்திரி 8 மணிக்கும் சுற்றாமல் ஓட வேண்டும் என்று கேட்கும். அப்போது தலைமடைக்காரன் முழுக்க எடுத்துக்கொண்டு கடைமடைக்கு மிச்சத்தை விடுகிற கதைதான். கடைமடையில் இருப்பவர் உங்கள் மாமனார், அதை அவருக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

வேகத்தில் பாரபட்சம் கூடாது என்பதற்கும் நம் நாட்டில் விதி உண்டு. 2017 நவம்பரில் ட்ராய் பரிந்துரை செய்தது, 2018-இல் மத்திய அரசு அதை ஏற்றுக்கொண்டு, போன் கம்பெனிகளின் உரிமத்திலேயே சேர்த்துவிட்டது. நெரிசலைச் சமாளிக்க எல்லோருக்கும் பொதுவாக நடவடிக்கை எடுக்கலாம், ஒருவரைத் தேர்ந்தெடுத்து முடக்கக் கூடாது. அமெரிக்காவில் இந்த விஷயம் ஆட்சிக்கு ஆட்சி மாறி, கடைசியாக 2025 ஜனவரியில் அங்கே ஒரு நீதிமன்றம் விதியை ரத்து செய்துவிட்டது. நம் விதி அவ்வளவு ஆடாமல் நிற்கிறது. அதைக் காப்பாற்றிக்கொள்ள வேண்டும் என்று நான் மனதாரச் சொல்கிறேன்.

2016 விதியில் ஒரு விலக்கும் இருக்கிறது. பெரிய அவசர காலத்தில் கம்பெனி சில சேவைகளைக் குறைந்த விலைக்கோ இலவசமாகவோ கொடுக்கலாம், 7 வேலை நாளுக்குள் ட்ராய்க்குத் தெரிவித்தால் போதும். 2018 நவம்பர் 16-ஆம் தேதி விடியற்காலையில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்த பிறகு நான் ஒரு வாரம் வீட்டுக்குப் போகவில்லை. பல டவர்கள் நின்றன, ஆனால் கரண்ட் இல்லை. தென்னை மரங்கள் சாலையை மறித்துக் கிடந்ததால் ஜெனரேட்டருக்கு டீசல் போகவில்லை. அப்படிப்பட்ட நாளில் நிவாரணத் தகவல்களை மட்டும் காசில்லாமல் திறந்துவிட்டால் யார் தப்பென்று சொல்வார்கள்? அந்த விலக்கை எழுதியவர்கள் யோசித்துத்தான் எழுதியிருக்கிறார்கள்.

அப்படியென்றால் ஏழைப் பிள்ளைகளின் நெட்டுக்கு யார் கொடுப்பது? உங்கள் கடிதத்தின் உண்மையான கேள்வி இதுதான் என்று எனக்குப் படுகிறது.

ஒரு பகுதியைப் போட்டி கொடுத்தது. 2016 செப்டம்பர் 5-ஆம் தேதி ஜியோ வருவதற்கு முன்னால் 1 ஜிபிக்கு 200, 250 ரூபாய் கொடுத்தோம். அப்புறம் விலை விழுந்தது எல்லா ஆப்புக்கும், எல்லாத் தளத்துக்கும் சேர்த்துத்தான். இலவசத் தளங்களை மட்டும் கொடுத்திருந்தால் இது நடந்திருக்காது. ஆனால் கம்பெனிகள் குறைந்துபோய், 2019, 2021, 2024 என்று விலை மூன்று முறை சேர்ந்தாற்போல ஏறியது. 2024 ஜூலையில் மட்டும் பல பேக்குகள் 10-இலிருந்து 25 சதவீதம் வரை ஏறின. உங்கள் ஊர் அம்மாக்கள் ஒரு போனோடு நிறுத்திக்கொண்டதில் ஆச்சரியமே இல்லை.

இன்னொரு பகுதியை நாம் ஏற்கெனவே கொடுத்துக்கொண்டிருக்கிறோம், வெளியே தெரிவதில்லை, அவ்வளவுதான். 300 ரூபாய்க்கு ரீசார்ஜ் செய்தால் அதில் சுமார் 46 ரூபாய் ஜிஎஸ்டி. மீதி கம்பெனிக்குப் போகிறது. கம்பெனி தன் வருமானத்தில் 5 சதவீதத்தை, கிராமங்களுக்குத் தொலைத்தொடர்பு கொண்டுபோவதற்கான நிதிக்குக் கட்ட வேண்டும். முன்பு யுஎஸ்ஓ நிதி என்றார்கள், 2023-இன் புதிய தொலைத்தொடர்புச் சட்டத்துக்குப் பிறகு டிஜிட்டல் பாரத் நிதி என்று பெயர். உங்கள் 300 ரூபாயில் அது பத்துப் பன்னிரண்டு ரூபாய். கடைமடைக்கு நெட் கொண்டுபோகத்தான் அந்தப் பணம். 2016 டிசம்பரில் ட்ராய், கிராமத்துக்காரர்களுக்கு மாதம் 100 எம்பி இலவசமாகக் கொடுக்கலாம், செலவை அந்த நிதியிலிருந்து எடுக்கலாம் என்றே பரிந்துரை செய்தது. எந்தத் தளத்துக்கு வேண்டுமானாலும் செலவழிக்கிற 100 எம்பி அது. பரிந்துரை காகிதத்தோடு நின்றுபோனது எனக்கு இன்றும் வருத்தம். ஏழைக்கு இலவசம் கொடுப்பதானால் அப்படித்தான் கொடுக்க வேண்டும்: பொதுப் பணத்திலிருந்து, நிபந்தனை இல்லாமல். இதற்காக எம்.பி.யிடம் மனு கொடுப்பதானால் நானும் கையெழுத்துப் போடுகிறேன்.

மனு நடக்கும்போது நடக்கட்டும், திண்ணைக்கு இப்போதே செய்யக்கூடியது ஒன்று உண்டு. 22 போனுக்கு 22 பேக் போடுவதைவிட உங்கள் வீட்டுக்கு ஒரு கேபிள் பிராட்பேண்ட் இணைப்பு வாங்குங்கள். மாதம் 400, 500 ரூபாய்க்கு, வரியும் சேர்த்துக் கிடைக்கிற இணைப்புகள் இருக்கின்றன. 22 வீட்டுக்கும் பிரித்தால் தலைக்கு 25 ரூபாய்க்குள்தான் வரும், ஒரு டீயும் வடையும். பாரத்நெட் திட்டத்தில் தமிழ்நாட்டின் 12,525 ஊராட்சிகளுக்கும் கேபிள் கொண்டுபோகிற வேலையை அரசின் ஃபைபர்நெட் நிறுவனம் எடுத்திருக்கிறது. உங்கள் ஊராட்சி அலுவலகம் வரை வந்துவிட்டதா, உயிரோடு இருக்கிறதா என்று போய்க் கேளுங்கள். மே மாதம் தூர்வாரும் பொக்லைன் கேபிளை அறுத்துவிட்டுப் போவதை நான் வருடா வருடம் பார்த்தவன், அதனால் உயிரோடு இருக்கிறதா என்று கட்டாயம் கேளுங்கள். உங்கள் தெருவில் மளிகைக் கடைக்காரர் யாராவது ஆர்வமாக இருந்தால் பிஎம்-வானி என்ற திட்டமும் உண்டு. 2020 டிசம்பரில் வந்தது. சின்னக் கடைக்காரரே உரிமக் கட்டணம் இல்லாமல் வைஃபையை ஐந்து, பத்து ரூபாய்க்கு விற்கலாம்.

பாடத்தைத் திண்ணையில் இருக்கும்போதே டவுன்லோடு செய்துகொண்டு வீட்டில் பார்க்கட்டும். வீடியோவின் தரத்தையும் செட்டிங்ஸில் குறைத்துவையுங்கள். 360-இல் வைத்தால் ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 300 எம்பிதான் ஆகும், 1080-இல் அதே ஒரு மணி நேரம் ஒன்றரை ஜிபியைத் தாண்டிவிடும். சின்னத் திரையில் கரும்பலகைக் கணக்கு 360-இலேயே தெளிவாகத் தெரியும்.

இனி ஏஜென்ட் மறுபடி வரும்போது. இலவசம் எப்படி வருகிறது என்று நேரடியாகக் கேளுங்கள். போன் கம்பெனியே அந்த ஆப்புக்குக் கழிக்காது என்று சொன்னால், அந்தக் கம்பெனியின் பெயரையும் திட்டத்தின் பெயரையும் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரச் சொல்லுங்கள். பெரும்பாலும் பேச்சு அதோடு முடிந்துவிடும். ஆப் கம்பெனி பிள்ளைகளுக்கு ரீசார்ஜ் கூப்பன் தருகிறது என்று சொன்னால் அது வேறு விஷயம். அந்த நெட்டை எங்கே வேண்டுமானாலும் செலவு செய்யலாம் என்றால் எனக்கு ஆட்சேபம் இல்லை, வாங்கிக்கொள்ளுங்கள். பாடங்களை முழுதாக டவுன்லோடு செய்துகொள்ளலாம், அப்புறம் நெட்டே வேண்டாம் என்றாலும் நல்லதுதான். ஆனால் எதுவானாலும் முதல் வருடத்துக்குப் பிறகு கட்டணம் எவ்வளவு, பிள்ளைகளின் பெயர், போன் நம்பர், மதிப்பெண் எல்லாம் யாரிடம் போகிறது என்ற இரண்டையும் கேட்காமல் ஒரு பிள்ளையையும் சேர்க்காதீர்கள். நம்பர் போய்விட்டால் கூலிவேலை முடித்து வீடு திரும்புகிற அம்மாக்களுக்கு ராத்திரி பகலாக போன் வரும்.

மாமியாருக்கு: 2024 டிசம்பர் 23-ஆம் தேதி ட்ராய் ஒரு திருத்தம் கொண்டுவந்தது. பேச்சுக்கும் எஸ்எம்எஸ்ஸுக்கும் மட்டுமான பேக் ஒன்றாவது ஒவ்வொரு கம்பெனியும் வைத்திருக்க வேண்டும், அப்படிப்பட்ட பேக் 365 நாள் வரைகூட செல்லலாம். 2025 ஜனவரியிலிருந்து அவை கிடைக்கின்றன. கடைக்காரர் தானாகச் சொல்லாமல் இருக்கலாம், "நெட் வேண்டாம், பேச மட்டும் பேக் போடுங்க" என்று நீங்கள்தான் கேட்க வேண்டும். வாங்குவதற்கு முன் ஒரு கணக்குப் போட்டுவிடுங்கள்: பேக்கின் விலையை அது செல்லும் நாட்களால் வகுத்து, இப்போது போடுகிற பேக்கோடு ஒப்பிட்டுப் பாருங்கள். சில கம்பெனிகளில் வித்தியாசம் நிறைய இருக்கும், சிலவற்றில் ரொம்பக் கொஞ்சம்தான் இருக்கும். கம்பெனிகளின் விலைகளை ட்ராயின் கட்டண ஒப்பீட்டுத் தளத்தில் ஒரே இடத்தில் பார்க்கலாம், தம்பியைப் பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள். பேக் இல்லவே இல்லை என்று யாராவது சொன்னால் 198-க்குப் போன் செய்து புகார் எண் வாங்கிக்கொள்ளுங்கள். அந்த எண்ணையும், ஏஜென்ட் ஏதாவது தாள் கொடுத்திருந்தால் அதன் நகலையும் எனக்கு அனுப்பிவையுங்கள், படித்துவிட்டு எழுதுகிறேன்.

அன்புடன்,
உங்கள் பழைய டவர்க்காரன்